கோர்வைக்கு ஓர் ஆள்

"திருப்பிச் சொல்லு. டி, ஒய், ஈ… டை?"

"சாவு."

"டி, ஐ, ஈ… டை?"

"பட்டுக்குப் போடுற சாயம்."

முத்துக்குமார் தலையாட்டினான். மறுநாள் அவன் மனைவி கலைவாணிக்கு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேலைக்கான இங்கிலீஷ் பரீட்சை. அவள் வேலைக்குப் போய்விட்டால், பட்டுச் சேலையின் உடலோடு கரையைக் கோத்து நெய்யும் கோர்வைக்கு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா எறிய ஆளில்லை. தறியே நின்றுபோகும்.

மறுநாள் முழுக்க அவனுக்குக் கை ஓடவில்லை. சாயங்காலம் அவள் பஸ் இறங்கி வந்தாள்.

"இன்னா ஆச்சு?"

"வேலை கெடச்சிடுச்சி."

"எப்படிடீ?"

"வேலைக்குப் போனா காலை ஒடைப்பேன்னு குதிச்ச ஆளு, திடீர்னு பாடம் சொல்லித் தந்தீங்களே! அத்தனையும் தலைகீழா மாத்தி எழுதிட்டு வந்தேன். கோர்வைக்கு வேற ஆளைப் பாருங்க."