தலை குனியும் குதிரை

“ஒரு தடவை அடி வாங்கினது எத்தனை நாள்ல மறக்கும் டீச்சர்?”

லிஃப்ட் மெக்கானிக் அவளிடம் கேட்ட முதல் கேள்வியே இதுதான். சேர்க்கைப் படிவத்தில் பெயரைக்கூட இன்னும் எழுதி முடிக்கவில்லை.

“மறக்காது. உள்ளுக்குள்ள இருந்துக்கிட்டே இருக்கும்,” என்றாள். “அடிச்சது யாரு?”

“நான்தான்.”

சவுக்கைத் தொடாமல், கடிவாளத்தை இழுக்காமல் குதிரையைப் பழக்குவது எப்படி என்று ஊராருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. அடித்துவிட்டு வந்து நிற்கிறவர்களை அவளுக்கு ஆகவே ஆகாது. ஆனாலும் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். வீட்டில் இருப்பது ஒன்று. பெண். வயது ஒன்பது.

“எதால அடிச்சீங்க?”

அவர் நழுவிய பேண்டை இடது கையால் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஞாயிறு தவறாமல் வந்தார். அதே வகுப்புக்கு வந்த பேக்கரிக்காரருக்கு அவரைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. “லிஃப்டுன்னா பட்டனை அமுக்கினா வந்து நிக்கும் சார். இது அப்படி வராது. முதல்ல அந்தப் பேண்டுக்கு ஒரு பெல்ட் வாங்குங்க, குதிரையே சிரிக்குது!”

மெக்கானிக் மட்டும் சிரிக்க மாட்டார்.

“கண்ணை நேரா பாக்காதீங்க,” என்பாள் அவள், வட்ட வேலிக்கு வெளியே நின்றபடி. “தோளைத் தளர்த்துங்க. கூப்பிடாதீங்க, கெஞ்சாதீங்க. முதுகைக் காட்டிட்டு நடங்க. துரத்த வர்றவன் முதுகைக் காட்ட மாட்டான்னு அதுக்குத் தெரியும்.”

பயிற்சிக்கென்று வைத்திருந்த வெள்ளைக் குதிரை முதல்முறை பேக்கரிக்காரர் பின்னால் தானாக நடந்து வந்தபோது, அந்தப் பெரிய உருவம் வாயைப் பிளந்து சின்னப் பிள்ளையாகிவிட்டது. அந்த முகம்தான் அவளுக்குக் கூலி. அதற்காகத்தான் இருபது வருஷமாக இந்தச் சாணி வாசத்தில் கிடக்கிறாள்.

மூன்றாம் வாரம் அதே குதிரை மெக்கானிக்கின் பிடரியில் வந்து மூச்சு விட்டது. அவர் திரும்பவில்லை. தோள்கள் குலுங்க நின்று அழுதார். அவளுக்கு இரக்கம் வரவில்லை.

“நான் கையைத் தூக்கினாலே தலையைக் குனிஞ்சுக்குது டீச்சர்,” என்றார் அன்றைக்கு.

“குனியுதா? பயந்த குதிரை தலையைத் தூக்கும். குனியாது.”

“இது குனியுது.”

எத்தனை அடி விழுந்திருந்தால் தலையைத் தூக்கக்கூட மறந்துபோயிருக்கும்! ஒரு தடவைதானாம். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அதன் பிறகு, பார்த்தே இராத அந்தக் குதிரை அவளை விடவில்லை. லாயம் கூட்டும்போது வந்து நின்றது. உலையில் அரிசி போடும்போது வந்து நின்றது. நிறம் தெரியவில்லை, முகம் தெரியவில்லை. குனிந்த தலை மட்டும் தெரிந்தது.

“ஒரு நாள் இங்க கூட்டிட்டு வாங்களேன்.”

“என் வண்டியில ஏறாது டீச்சர். நான் இருக்கிற இடத்துக்கே வராது.”

வரட்டும். வந்தால் திருப்பி அனுப்புவதில்லை என்று அவள் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள். மூலையில் இருந்த கொட்டடியை ஒழித்துக் கழுவினாள். புது வைக்கோல் பரப்பினாள். கால்நடை டாக்டரிடமும் சொல்லி வைத்தாள். மெக்கானிக்கிடம் சொல்லவேண்டிய ஒற்றை வரியைக்கூட மனப்பாடம் செய்திருந்தாள்: ‘இனிமே இது உங்களோட வராது.’

பதினோராம் வாரம், காலையிலேயே போன்.

“ஏறிடுச்சு டீச்சர்!” மெக்கானிக்தான். “நான் கதவைத் திறந்து வச்சிட்டு முதுகைக் காட்டி நின்னேன். தானா வந்து ஏறிடுச்சு. கூட்டிட்டு வர்றேன்.”

தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டு, லாரிச் சத்தத்துக்காக வாசலில் காத்து நின்றாள். வந்து நின்றதோ ஒரு பழைய கார்.

“குதிரை எங்க?”

மெக்கானிக் இறங்கினார். பின் கதவைத் திறந்தார். உள்ளே பார்க்காமல் நாலடி விலகி நின்றார்.

“எங்கிட்ட குதிரை ஏது டீச்சர்.”

அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. “அப்ப இதையெல்லாம் யாருக்கு ஒழிச்சு வச்சேன் நான்?” கொட்டடியைக் காட்டக் கையை ஓங்கித் தூக்கினாள்.

காரின் பின் இருக்கையில், இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னத் தலை சட்டென்று குனிந்தது.

தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல, மிக மெல்ல, இறங்கியது.

மெக்கானிக் பேண்டை ஒரு கையால் பிடித்தபடி, தோளைத் தளர்த்தி, முதுகைக் காட்டித் திரும்பி, வாசலைத் தாண்டிச் சரளைப் பாதையில் நடக்கத் தொடங்கினார்.

காரிலிருந்து இரண்டு சின்னச் செருப்புகள் தரையில் இறங்கின. ஓரடி வைத்தன. நின்றன. மறுபடி ஓரடி.

அவளும் கண்ணைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டாள். போகிற முதுகுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

“திரும்பிப் பாக்காதீங்க... வர்றா.”