கரகரத்த குரல்

“சளிதான், டாக்டர்” என்று செண்பகவல்லி கரகரத்தாள். குரலை வைத்தே நோயைக் கண்டறியும் குரல்மானி மேசைமேலிருந்து அதைக் கேட்டு, டாக்டர் நஸ்ரீனின் திரையில் மட்டும் எழுதியது: கழுத்து நெரிபட்ட குரல்.

கூடவந்த கணவனை நஸ்ரீன் சாதாரணமாக வெளியே உட்காரச் சொன்னார். கதவு சாத்தியதும் மெல்லக் கேட்டார்.

“யாராச்சும் கழுத்தை நெரிச்சாங்களாம்மா?”

அவள் திடுக்கிட்டு மேசைமேலிருந்த குரல்மானியைப் பார்த்தாள். “தடம்கூட இல்லையே! மெஷின் போலீஸுக்குச் சொல்லிருமா?”

“நீ சரின்னு சொல்லாம எங்கயும் போகாது. ஆனா தடம் இல்லேன்னாலும் உள்ளே ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கலாம். இப்பவே ஸ்கேன் எடுக்கணும்.”

செண்பகவல்லி சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, “கண்ணு இருட்டிருச்சு. செத்துட்டேன்னே நினைச்சேன்” என்றாள்.

“நம்புறேன்மா” என்றார் நஸ்ரீன்.

பின்வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஏறப்போனவள் திரும்பினாள்.

“மெஷின் சொல்ல வேண்டாம், டாக்டர். போலீஸுக்கு நானே சொல்றேன்.”