அரைக் கிண்ணம்

மாஸ்கோவில் அம்மாவைப் புதைத்துவிட்டு கிர்கிஸ் மலைக்கு வந்திருக்கும் பெர்மெட், காதலன் எல்டியாரின் கூடாரத்தில் முதல்முறையாகத் தேநீர் ஊற்றுகிறாள். கூரைத் திறப்பின் வழியே விழும் வெயிலில் ஆவி சுருள்கிறது. மரியாதை என்று நினைத்து, விளிம்புவரை நிறைத்து அவன் அம்மாவிடம் நீட்டுகிறாள். எல்டியார் சிரிப்பை அடக்க ரொட்டியைக் கடிக்கிறான். "அடிப் பொண்ணே, வந்த அன்னைக்கே என்னை வீட்ட விட்டு வெரட்டுறியா? கெளம்ப வேண்டியவங்களுக்குத்தான் நெறய ஊத்துவோம்!" என்கிறாள் அவன் அம்மா. பெர்மெட்டின் காதுமடல் சிவக்கிறது. அந்த அம்மா கெண்டியை வாங்கி, அவள் கிண்ணத்தில் பாதிமட்டும் ஊற்றுகிறாள். குடித்ததும் மறுபடி பாதி. அதையும் குடித்ததும் இன்னும் பாதி. வெளியே குதிரைக்குட்டி கனைக்கிறது. வெயில் கம்பளத்தில் நகர்ந்து பெர்மெட்டின் மடியில் ஏறிவிட்டது. வயிறு முட்டிவிட்டது, போதும் என்று சொல்லத்தான் அவளுக்கு மனம் வரவில்லை. கிண்ணத்தை நீட்டுகிறாள்.