மெந்திபாய் ஊதின விசில்

ஆட்டுத்தலையைக் கொண்டுபோய் பஸ் டிரைவர் முன்னால வச்சதுலதான் எல்லாம் ஆரம்பிச்சது.

துலேகன் மேல முழுத் தப்பையும் போட முடியாது. எல்லை தாண்டி தாஷ்கெண்ட்ல இருந்து பாஸ்கெட்பால் டீம் வந்திருக்கு, ஷிம்கெண்ட்ல நட்பு ஆட்டம், ஏற்பாடு பூரா அவரோடது. வந்தவங்கள்ல நரைச்ச தாடியும் கோட்டுமா இருந்தது ஒருத்தர்தான். அவர்தான் கோச்சுன்னு நெனச்சு, விருந்துல பெரிய விருந்தாளிக்குன்னு வைக்கிற அந்தத் தலை இருந்த தட்டை அவர் பக்கம் திருப்பி வச்சுட்டார். டிரைவரும் கூச்சப்படலை. முறைப்படி ஆட்டோட காதை அறுத்துப் பக்கத்துல இருந்த பையனுக்குக் கொடுத்துட்டு, எல்லாரையும் ஆசீர்வாதமும் பண்ணிட்டார்.

நிஜமான கோச் ஷோதியோர். கேப்டனும் அவரேதான். அவருக்குக் கிடைச்சது ஒரு விலா எலும்பு.

ஏற்கெனவே எல்லை வரிசையில பாதி நாள் வெயில்ல நின்னுட்டு வந்த எரிச்சல். "மரியாதை தெரிஞ்ச ஊருன்னு சொன்னாங்க"ன்னு அந்த எலும்பைப் பார்த்துச் சொன்னார்.

"டிரைவர் இல்லாம நீங்க வந்து சேர்ந்திருப்பீங்களாண்ணே?"ன்னு கேட்டான் ஓல்ஜாஸ். ஷிம்கெண்ட் டீம் கேப்டன். வாய் கொஞ்சம் நீளம்.

ஷோதியோர் எலும்பைத் தட்டுல போட்டுட்டு எழுந்துட்டார்.

துலேகனுக்குக் கவலை ஹாலைப் பத்தித்தான். விளையாட்டுத் துறை கிளாரா மேடம் காலையிலயே சொல்லிட்டாங்க, ஒருத்தன் மேல ஒருத்தன் கை வச்சா, ஆட்டம் நடக்கிற ஹாலை இனிமே கல்யாணத்துக்குத்தான் வாடகைக்கு விடுவோம்னு. அந்தப் பக்கத்துப் பசங்க பந்து ஆட இருக்கிறது அந்த ஒரு ஹால்தான். சொன்னதோட விடாம, மேடம் முதல் வரிசையில வந்து உட்கார்ந்தும் இருந்தாங்க.

ஒரே ஆறுதல், நடுவர் மெந்திபாய். மைதானக் கோட்டுல ஷூ நுனி பட்டாலும் ஊதுவார். சொந்த மருமகனையே ஒரு ஆட்டத்துல வெளிய அனுப்பின ஆளு. அல்மாட்டியில நடக்கப்போற பெரிய போட்டிக்கு இந்த வருஷம் அவரைத்தான் சொல்லி வச்சிருந்தாங்க. அதுக்குன்னு அவர் சம்சாரம் புதுச் சட்டைகூடத் தச்சு வச்சுட்டாங்க.

ஆட்டம் சூடு பிடிக்கிறதுக்குள்ள ஷோதியோர் முழங்கை ஓல்ஜாஸ் விலாவுல இறங்குச்சு. ஓல்ஜாஸ் போற போக்குல அவர் காலை மிதிச்சுட்டுப் போனான். ரெண்டு பெஞ்சும் எழுந்து நின்னுடுச்சு. மெந்திபாய் ரெண்டையும் சரியாத்தான் ஊதினார். ஊதினதுல யாருக்கும் குறை இல்லை, முறைக்கிறதுதான் குறையலை.

இடைவேளையில துலேகன் அவர் காதுல சொன்னார்: "அண்ணே, அடுத்தது அடிதடிதான். ஹால் போச்சு."

மெந்திபாய் விசிலைச் சட்டையில துடைச்சுக்கிட்டார்.

அதுக்கப்புறம் அந்த மனுஷனுக்கு என்ன ஆச்சுன்னு யாருக்கும் புரியலை.

குனிஞ்சு ஷூ கயிறு கட்டிக்கிட்டிருந்த ஷோதியோர் மேல ஃபவுல் கொடுத்தார். நின்ன இடத்துல நின்ன ஓல்ஜாஸ், பந்தைத் தட்டாம கையில வச்சு நடந்துட்டான்னார். சுத்தமா விழுந்த கூடையைச் செல்லாதுன்னார். ஒரு பந்து பறந்துபோய் கிளாரா மேடம் மடியில விழுந்துச்சு. அது கோட்டுக்கு உள்ளதான், ஆடுங்கன்னுட்டார்.

ஷோதியோர் மெதுவா ஓல்ஜாஸ் பக்கம் திரும்பினார். "தம்பி, அது உள்ளயா?"

"மேடம் மடி எப்போ மைதானத்துல சேர்ந்துச்சுன்னு எனக்கும் தெரியலைண்ணே."

ஷோதியோருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அடக்கப் பார்த்தார், முடியலை.

அப்புறம் ரெண்டு பேரும் தோளோட தோள் நின்னு நடுவரைக் கேள்வி கேட்டாங்க. ஓல்ஜாஸ் கசாக்குல திட்டினதை, ஷோதியோர் உஸ்பெக்குல இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்துத் திருப்பிச் சொன்னார். பெஞ்ச்ல இருந்த பசங்க ஒருத்தர் ஊர் வசவை இன்னொருத்தர் கத்துக்கிட்டாங்க. பார்க்க வந்த கூட்டம், நல்ல கண் டாக்டர் எந்தத் தெருவுல இருக்கார்னு நடுவருக்குச் சத்தமா வழி சொல்லுச்சு.

யாரு ஜெயிச்சாங்கன்னு கடைசியில ஒருத்தருக்கும் உறுதியாத் தெரியலை. கேட்கவும் ஆள் இல்லை. ரெண்டு டீமும் கலந்து நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க, நடுவரை மட்டும் கூப்பிடலை. ஷோதியோர் எல்லாரையும் தாஷ்கெண்ட்டுக்கு வரச் சொன்னார். அங்க கண்ணு தெரிஞ்ச நடுவரா பார்த்து வைக்கிறோம்னும் சொன்னார்.

கிளாரா மேடத்துக்கு அடிதடி இல்லாததுல திருப்தி. மடியில பந்து விழுந்ததுல இல்லை. அல்மாட்டிக்கு இந்த ஆளு கிடையாது, மைக்ல சொல்லுங்கன்னாங்க. துலேகன் சொன்னார். அன்னிக்கு எந்தக் கூடைக்கும் விழாத கைதட்டல் அதுக்கு விழுந்துச்சு.

மைக்கை வச்சுட்டு, துலேகன் நேரா உடை மாத்துற ரூமுக்குப் போனார். திட்டத்தான் போனார்.

மெந்திபாய் ஜன்னல் ஓரமா டீயை ஊதி ஊதிக் குடிச்சுக்கிட்டிருந்தார். தூரத்துல பஸ்ஸுக்குப் பக்கத்துல ரெண்டு டீம் பசங்களும், அவர் விசில் ஊதுற மாதிரியே நடிச்சுக் காட்டி விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டிருந்தாங்க.

"துலேகன், அந்த நீலச் சட்டைப் பையன் பையில ஜிப் திறந்திருக்கு. பாஸ்போர்ட் எட்டிப் பார்க்குது. எல்லையில மாட்டிக்கப் போறான், போய்ச் சொல்லு."

துலேகன் ஜன்னல் கண்ணாடியில மூக்கு ஒட்டப் பார்த்தார். நீலச் சட்டை தெரிஞ்சுது. பை தெரிஞ்சுது. ஜிப் தெரியலை.

அப்புறம், "அண்ணே, நான் போய் மைக்ல சொன்னதை மாத்திச் சொல்லிடறேன்"னு கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"பேசாம இரு. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்னு தெரிஞ்சா, மறுபடி அவங்களுக்குள்ள அடிச்சுக்குவாங்க."