அழுகுணி ஆட்டம்

சிங்காரத்தால் பொறுக்க முடியவில்லை. படித்த பெண், அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள், கைதிகளின் மனசைத் தேற்றவென்றே வந்தவள், பட்டப்பகலில் ஓர் ஆயுள் கைதியை ஏமாற்றுகிறாள்.

அதுவும் தாயத்தில்.

ஜெயில் ஆஸ்பத்திரி வராந்தாவில் சாக்பீஸால் கட்டம் போட்டு, சமையல்கட்டுப் புளியங்கொட்டையை உரசி வைத்துக்கொண்டு தினமும் ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ் பிடித்து வரும் மனநல ஆலோசகர் ரேகா. எதிரே காடாம்புலியூர் வைத்திலிங்கம். காவலுக்குத் தலைமை வார்டர் சிங்காரம்.

பங்காளிச் சண்டையில் அரிவாளெடுத்து உள்ளே வந்தவன் வைத்திலிங்கம். வந்த அன்றே, "இனிமே உசுரோட இருந்து என்னாத்துக்குங்க ஐயா" என்று சொன்னவன்தான், அப்புறம் வாயைப் பூட்டிக்கொண்டான். கஞ்சித் தட்டு வைத்தபடியே திரும்பி வரும். இவன் மேல் எந்நேரமும் ஒரு கண் இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அந்தக் கண் சிங்காரத்தின் கண். தன் காவலில் ஓர் உயிர் போய்விடக் கூடாதே என்ற பயத்தில் அவருக்கே வீட்டில் சோறு இறங்கவில்லை.

அப்பேர்ப்பட்டவனிடமா இந்த வேலை? மூணு விழுந்தால் ரேகா நாலு கட்டம் நகர்த்தினாள். அவன் காயை வெட்டினாள். அவன் அந்தப் பக்கம் திரும்பினால் ஒரு கொட்டையைச் சுண்டு விரலால் புரட்டினாள். கேட்டால், அது அப்படித்தான் விழுந்தது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சாதித்தாள். சிங்காரத்தின் மனைவி ராசம்மாளும் தாயத்தில் லேசுப்பட்டவள் இல்லை. ஆனால் அவள்கூட இப்படி ஆடியதில்லை.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறாளே என்று அவருக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கு ஆட்டம் முடிந்து அவள் எழுந்ததும் வழிமறித்துக் கேட்டே விட்டார்.

"மேடம், சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அழுகுணி ஆட்டம் ஆடுறீங்க. செத்த பாம்பப் போயி அடிக்கலாமா?"

ரேகா சிரித்தாள். ஆரம்பத்தில் நேர்மையாகத்தான் ஆடினாளாம். அவனை ஜெயிக்கக்கூட விட்டாளாம். அவன் "சரிம்மா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டானாம்.

"ஒருநாள் நெசமாவே தெரியாம தப்பா எண்ணிட்டேன் சார். அன்னிக்குத்தான் நிமிந்து பாத்தாரு. 'நாளைக்கு வாங்க, பாத்துக்கறேன்'னாரு. நாளைக்குன்னு அவர் வாயில வந்தது அதான் மொதல் தடவ. அப்பறம் நான் நேர்மையா ஆடவே இல்ல."

சிங்காரம் யோசித்துப் பார்த்தார். கஞ்சித் தட்டு இப்போதெல்லாம் காலியாகத்தான் திரும்புகிறது. சரியான கைகாரி என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டு, கூடவே கேட் வரைக்கும் போய், அங்கே கொடுத்து வைத்திருந்த அவளுடைய நோக்கியா போனைத் தானே வாங்கிக் கொடுத்து வழியனுப்பினார்.

சந்தோஷம் வந்தால் வாய் சும்மா இருக்குமா? தன் பங்குக்கு அவனை இன்னும் கொஞ்சம் உசுப்பேற்றி விடுவோம் என்று வராந்தாவுக்குத் திரும்பினார். வைத்திலிங்கம் காய்களைப் பொறுக்கிக் கொண்டிருந்தான்.

"என்னாய்யா, இன்னிக்கும் தோத்தியா? நாளைக்காவது கண்ணத் தொறந்து வச்சிக்கிட்டு ஆடு. அந்தம்மா கட்டத்தத் தாண்டித் தாண்டிப் போவுது, உனக்குத் தெரியலியா?"

வைத்திலிங்கம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மொதல்லேருந்தே தெரியுங்க ஐயா. சத்தமா சொல்லாதீங்க, அந்தம்மா காதுக்குப் போயிடப் போவுது. நாளைக்குப் பாத்துக்கறேன்னு நானும் சும்மாதான் மொறைக்கறேன். அவ்ளோ தூரம் பஸ்ஸுல வருது, ஜெயிச்சா அது மூஞ்சில ஒரு சந்தோஷம். நானும் இல்லாமப் போயிட்டா, அந்தப் புள்ள யாரை ஏமாத்தி ஜெயிக்கும், பாவம்?"