எண்பத்தொன்பது இலக்கம்

கல்லூரி வாசலில் நின்றபடி அவள் அந்த இலக்கங்களை ஒவ்வொன்றாகக் கூட்டினாள்.

ஃபிளெக்ஸ் பேனர். ஆள் உயரத்துக்கு ஜெசிந்தாவின் சிரித்த முகம். அதற்குக் கீழே ஜெசிந்தா கண்டுபிடித்த எண், இரண்டு வரிகளில், கல்யாண வீட்டுச் சிவப்பில்.

எண்பத்தொன்பது இலக்கம். பகா எண், வேறு எதாலும் வகுபடாது. அதற்கு இன்னொரு குணமும் உண்டு. அந்தக் குணத்தோடு ஒரு எண் இருக்கவே முடியாது என்றுதான் பெரிய ஆட்களெல்லாம் நம்பியிருந்தார்கள்.

அவளும் அதைத் தேடியவள்தான். ஒரே துறை, பக்கத்துப் பக்கத்து மேஜை. மகன் பிளஸ் டூவுக்குப் போனதும் அவள் நிறுத்திவிட்டாள். ஜெசிந்தா நிறுத்தவில்லை.

வயிறு எரிந்தது.

மூன்று மூன்றாகத் தள்ளிவிட்டு மிச்சத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போனாள். இரண்டாவது வரியின் கடைசி வரை போனாள்.

மிச்சம் ஒன்றுமில்லை.

மறுபடியும் கூட்டினாள். மூன்றால் வகுபடுகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

மனசு குளிர்ந்துவிட்டது. கேன்டீனுக்குப் போய் டீ சொன்னாள். இருக்கட்டும் என்று வடையும் சொன்னாள்.

பாதி வடையில் புத்தி வந்தது. மூன்றால் வகுபடும் எண்ணை எந்த ஆய்வுப் பத்திரிகையும் வெளியிடாது. போனில் ஜெசிந்தாவின் கட்டுரையைத் திறந்து ஒப்பிட்டாள்.

கட்டுரையில் ஓரிடத்தில் அடுத்தடுத்து இரண்டு எட்டுகள். பேனரில் ஒன்றுதான். வரி மடங்கும் இடத்தில் ஃபிளெக்ஸ் கடைக்காரன் ஒரு எட்டை விழுங்கியிருந்தான்.

ஆக, எண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

மீதி வடை இறங்கவில்லை.

பதினோரு மணிக்குச் சிறப்பு விருந்தினர் வருகிறார். சென்னைப் பேராசிரியர், எண்களிலேயே தலை நரைத்தவர். இந்தக் கூட்டத்து ஆட்கள் பஸ் டிக்கெட் எண்ணைக்கூடக் கூட்டிப் பார்ப்பார்கள். வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார். மேடையில் ஒரு சிரிப்புக்காவது சொல்வார். அத்தனை பேரும் சிரிப்பார்கள்.

சொல்லிவிடலாம். ஃபிளெக்ஸ் கடை எதிர்ச்சாரியில்தான் இருக்கிறது.

போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

பொறாமைதான். வேறு நல்ல பெயராக வைத்துப் பார்த்தாள், ஒன்றும் ஒட்டவில்லை.

வாசலுக்குத் திரும்பியபோது பேனருக்கு அடியில் ஜெசிந்தா நின்றிருந்தாள். பட்டுப்புடவை. தலை நிறையப் பிச்சிப்பூ. கையில் சிவப்பு ஸ்டிக்கர் தாளில் வெட்டிய ஒரு எட்டு.

"நேத்து கட்டும்போதே பாத்துட்டேன் இசக்கி. யாராவது சொல்றாவளான்னு பாப்போம்னு விட்டு வச்சேன்."

பேனரையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"பிரின்சிபால் இதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்தாவ. பிள்ளைங்க செல்ஃபி எடுத்துச்சு. எல்லாரும் என் மூஞ்சியத்தாம்ட்டி பாத்தாவ. ஒருத்தரும் அத வாசிக்கல."

எட்டு வருட உழைப்பு. மாலையும் பொன்னாடையும் காத்திருக்கிற நாள். ஜெசிந்தாவின் குரல் அப்படி இல்லை.

"நீயாவது வாசிப்பேன்னு நெனச்சேன்."

வாசித்தவள் இந்த ஊரிலேயே இசக்கி ஒருத்திதான். இரண்டு தடவை, ஒரு இலக்கம் விடாமல். விழுந்துபோன எட்டுக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். சொன்னால், எப்போது பார்த்தாய், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று ஜெசிந்தா கேட்பாள்.

கேட்டுக்குள் விருந்தினரின் கார் திரும்பியது.

இசக்கி அண்ணாந்து, முதல் தடவை பார்ப்பதுபோல, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பேனரைப் பார்த்தாள்.

"எந்த இடத்துலட்டி?" என்று கேட்டாள்.