நிலவறையில் ஒரு நிமிடம்

பழைய துறைமுக நகரைச் சுற்றிக்காட்டிய கைடு, கடைசியாகக் கோட்டையின் நிலவறைச் சிறைக்குக் கூட்டிப்போனான். "கதவச் சாத்துறேன். கைதிங்க இருந்த இருட்ட ஒரு நிமிஷம் பாருங்க." மாசானம் வாசலிலேயே நின்றுவிட்டான். போன மாதம் கிணறு வெட்டுகையில் மண் சரிந்து மூடியவனை, மூச்சு நிற்கப்போகும் நேரத்தில்தான் தோண்டி எடுத்தார்கள். நாளை அதே கிணற்றில் அவன் மறுபடி இறங்க வேண்டும். அவன் மனதைத் தேற்றத்தான் மேஸ்திரி தங்கப்பழம் இந்தச் சுற்றுலாவுக்கே அழைத்து வந்திருந்தார். "உள்ள வால. இதுக்கே பயந்தா கெணத்துல எப்படி எறங்குவ?" என்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு தானும் உள்ளே நுழைந்தார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கதவு மூடியது. மாசானத்தின் வாயில் மண் ருசி ஏறியது. நிமிடம் முடிந்ததும் வெளியே தாழ்ப்பாள் கடகடவென்று ஆடியது, திறக்கவில்லை. "கொஞ்சம் பொறுங்க, மாட்டிக்கிச்சு" என்றான் கைடு. இப்போது யாரும் சிரிக்கவில்லை. இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை மாசானத்தின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. வியர்த்திருந்தது அந்தக் கை. "ஏல மாசானம், மூச்சு முட்டுதுல" என்றது மேஸ்திரியின் குரல். "எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு அண்ணாச்சி" என்றான் மாசானம். பிறகு மெதுவாகக் கேட்டான். "நாளைக்கு நீங்க எறங்குதியளா?" மணிக்கட்டில் இருந்த பிடி இன்னும் இறுகியது.